தனியாக விட்ட எட்டு நிமிடம்: பரிசு, ஆர்வத்தை என்ன செய்கிறது?

ஒரு வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால், பிடிக்காதவரும் "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்பார். கேட்டவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகச் சொல்கிற பதில் அது. அதனால் ஊக்கத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் வாய்ப்பேச்சை அவ்வளவாக நம்புவதில்லை. அரை நூற்றாண்டாக அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் மிக எளியது. ஆளைத் தனியாக விட்டுவிட வேண்டும். செய் என்றும் சொல்லக்கூடாது, செய்யாதே என்றும் சொல்லக்கூடாது. அவராக அந்த வேலையைத் தொடுகிறாரா, தொட்டால் எத்தனை விநாடி என்று மட்டும் எண்ண வேண்டும்.

இந்த அளவுகோலைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி. 1971-ல் வெளியான அவருடைய ஆய்வுக்குக் கருவி, சோமா என்ற மரப்புதிர். டென்மார்க்கின் பியெட் ஹைன் உருவாக்கியது. 27 சின்னக் கனசதுரங்களை ஒட்டிச் செய்த 7 துண்டுகள். சரியாகப் பொருத்தினால் ஒரு பெரிய கனசதுரம் வரும், வேறுவிதமாக அடுக்கினால் நாய், கோபுரம், சோபா என்று எத்தனையோ உருவங்கள் வரும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத சாமான். டெசிக்கு வேண்டியிருந்ததும் அதுதான்: யாரும் காசு கொடுக்காமலே ஆட்கள் விரும்பிச் செய்கிற ஒன்று.

24 கல்லூரி மாணவர்கள், மூன்று நாள். நாளுக்கு நான்கு உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 13 நிமிடம். இரண்டாம் நாள் மட்டும் பாதிப்பேருக்கு, முடித்த ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர் கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவர்களிடம் "இன்றைக்குப் பணம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். மற்றப் பாதிக்கு மூன்று நாளும் பணப்பேச்சே கிடையாது. ஒவ்வொரு நாளும் நடுவில் ஆய்வாளர் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். மேசையில் புதிர்த் துண்டுகள் அப்படியே கிடக்கும். பக்கத்தில் 'டைம்', 'நியூயார்க்கர்', 'ப்ளேபாய்' இதழ்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொருவர் நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஆய்வின் உயிர், ஆய்வாளர் வெளியே இருந்த அந்த எட்டு நிமிடத்தில் இருந்தது.

பணம் வாங்கிய குழு முதல் நாள் சராசரியாக 248 விநாடி புதிரோடு விளையாடியது. பணம் கிடைத்த நாளில் அது 314 ஆனது. பணம் நின்ற மூன்றாம் நாள் 198. பணமே காணாத குழுவுக்கு இந்தக் கணக்கு 214, 206, 242. ஒரு பக்கம் தொடங்கிய இடத்துக்கும் கீழே இறங்கியது, மறுபக்கம் மெல்ல ஏறியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடைப் பேச்சுகளிலும் சுயமுன்னேற்றப் புத்தகங்களிலும் "டெசி நிரூபித்துவிட்டார்" என்று வரும்; உண்மையில் அந்த முதல் ஆய்வு ஒல்லியான ஆய்வு. பக்கத்துக்கு 12 பேர்தான், ஆளுக்கு ஆள் வேறுபாடும் அதிகம். விளைவே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டால், வழக்கமாக ஏற்கப்படும் 5 சதவீத எல்லைக்குள் அது வரவில்லை. 10 சதவீதம் என்று எல்லையைத் தளர்த்தினால்தான் உள்ளே வந்தது. இந்தத் துறையை நிமிர்த்தி நிறுத்தியது டெசியின் மரப்புதிர் மட்டுமல்ல. அடுத்து வந்த பாலர் பள்ளி ஆய்வுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் பாலர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்து 1973-ல் வெளியிட்டது அது. ஸ்கெட்ச் பேனாவால் படம் போடப் பிடிக்கும் என்று முன்கூட்டியே கவனித்து வைத்திருந்த 51 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று குழுக்கள். முதல் குழுவிடம், "படம் போட்டால் இது கிடைக்கும்" என்று தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய ஒரு சான்றிதழை முதலிலேயே காட்டினார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல், படம் போட்டு முடித்தபின் அதே சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. படம் போட்டது வெறும் ஆறு நிமிடம்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் எப்போதும் போல விளையாட்டு நேரத்தில் ஸ்கெட்ச் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு எண்ணினார்கள். ஒன்றும் பெறாத குழந்தைகள் தங்கள் நேரத்தில் 16.7 சதவீதத்தைப் படம் போடுவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் 18.1 சதவீதம். சொல்லிவைத்துப் பரிசு பெற்றவர்கள் 8.6 சதவீதம், கிட்டத்தட்டப் பாதி. பரிசுக்காக வரைந்தபோது அவர்களுடைய படங்களின் தரமும் மற்றக் குழுக்களைவிடக் குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

இரண்டு குழுவுக்கும் கிடைத்தது ஒரே சான்றிதழ், ஒரே ரிப்பன். அதனால் காகிதத்தின் மேல் பழிபோட முடியாது. முன்கூட்டியே சொன்னதுதான் வேலையைக் கெடுத்தது. "இதைச் செய்தால் அது" என்ற பேரம் காதில் விழுந்ததும், படம் போடுவது இன்னொன்றை அடைவதற்கான வழியாகிவிடுகிறது. குழந்தை தன்னைத்தானே கவனித்து முடிவுக்கு வருகிறது: 'நான் ரிப்பனுக்காகத்தானே வரைந்தேன்.' ரிப்பன் இல்லாத நாளில் வரைய ஒரு காரணம் குறைந்துபோகிறது. பத்தியச் சோற்றை ஊட்டுகிற அம்மாக்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. "கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்றதுமே, கீரை நல்லதல்ல என்பதைப் பிள்ளை புரிந்துகொள்கிறது. நல்லதாக இருந்தால் எதற்கு லஞ்சம்?

இதற்கு டெசியும் அவரோடு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ரயனும் தந்த விளக்கம் இன்னும் ஒரு படி ஆழமானது. எந்தப் பரிசிலும் இரண்டு குரல் ஒலிக்கும். ஒன்று தகவல்: "நீ இதில் தேர்ந்துவிட்டாய்." மற்றது கடிவாளம்: "நீ என் கைக்குள் இருக்கிறாய்." எந்தக் குரல் ஓங்கிக் கேட்கிறதோ அதைப் பொறுத்து ஆர்வம் ஏறும் அல்லது இறங்கும். 1971 கட்டுரையிலேயே பணத்துக்குப் பதில் வாய்ப்பாராட்டு கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையும் உண்டு. அதில் ஆர்வம் இறங்கவில்லை. ஆனால் பாராட்டிலும் கடிவாளம் ஒளிந்திருக்கும். ரயன் 1982-ல் காட்டியது இது. "நன்றாகச் செய்தாய்" என்பதோடு "செய்ய வேண்டியபடியே செய்தாய்" என்று ஒரு வாலை ஒட்டினால் போதும், தனியாக விட்ட நேரத்தில் ஆட்கள் அந்த வேலையைத் தொடுவது குறைந்தது. "சபாஷ், இப்படித்தான் எப்பவும் இருக்கணும்" என்று தட்டிக்கொடுக்கிற நம் வழக்கமான பாராட்டில் பின்பாதி வேறு வேலை பார்க்கிறது.

எதிர்முகாம் சும்மா இருக்கவில்லை. ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் 1994-ல் பழைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, மொத்தத்தில் பரிசு ஆர்வத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். 1999-ல் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 சோதனைகளை எடுத்து மறுகணக்குப் போட்டார்கள். சண்டையின் முடிச்சு எங்கே என்றால், முதல் கணக்கில் சலிப்பூட்டும் வேலையும் சுவாரசியமான வேலையும் ஒரே கூடையில் விழுந்திருந்தன. யாருக்கும் பிடிக்காத வேலையில் குறைவதற்கு ஆர்வம் என்று ஒன்று இருந்தால்தானே குறையும்? சுவாரசியமான வேலைகளை மட்டும் தனியே எடுத்தபோது படம் தெளிந்தது. 'உட்கார்ந்து செய்தாலே பரிசு' என்பதுதான் அதிகம் கெடுத்தது (திட்ட விலக்க அலகில் 0.40), 'முடித்தால் பரிசு' 0.36, 'நன்றாகச் செய்தால் பரிசு' 0.28. எதிர்பாராத பரிசு ஒன்றும் கெடுக்கவில்லை. வேலையோடு முடிச்சுப் போடாமல் வந்ததற்காக மட்டும் கொடுத்ததும் கெடுக்கவில்லை. வாய்ப்பாராட்டு 0.33 அளவுக்கு ஏற்றியது, ஆனால் கல்லூரி மாணவர்களிடம் ஏற்றிய அளவுக்குக் குழந்தைகளிடம் இல்லை.

0.40 என்றால் எவ்வளவு? பரிசு இல்லாத 100 பேரை ஆர்வப்படி கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்துங்கள். நடுவில் 50-வது இடத்தில் நிற்க வேண்டியவர், பரிசு கொடுத்து, அதை நிறுத்தியபின் ஏறத்தாழ 34-வது இடத்தில் நிற்பார். ஊரே இடிந்துவிழும் விளைவு அல்ல, ஒரு வகுப்பறையில் கண்ணுக்குத் தெரிகிற விளைவு.

அப்படியானால் பரிசே கூடாதா? கூடாது என்பவர்கள் உதய்ப்பூர்ப் பருப்பைப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் சேவா மந்திர் அமைப்போடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு 134 கிராமங்களில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒன்றும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் எல்லா ஊசியும் முடிந்ததும் தட்டு செட்டும் கொடுத்த கிராமங்களில் 39. கூட்டம் கூடியதால் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவும் பருப்பு கொடுத்த இடத்தில்தான் குறைவு.

தடுப்பூசி யாருக்கும் பொழுதுபோக்கு இல்லை. பெற்றோருக்கு அதில் எதிர்ப்பும் பெரிதாக இல்லை, "அடுத்த மாதம் போடலாம்" என்ற தள்ளிப்போடல்தான் அதிகம். எண்ணி நாலைந்து முறை செய்தால் முடிந்துவிடுகிற காரியம். இப்படிப்பட்ட இடத்தில் பரிசு உதைத்து ஓடவைக்கும். பிறகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. புகைப்பழக்கம் இதற்கு நேர்மாறு, விட்டால் தினமும் விட்டிருக்க வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஊழியர்கள் 878 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான சோதனையில், புகையை விடுவதற்கான பயிற்சியை முடித்தால் 100 டாலர், ஆறு மாதத்துக்குள் விட்டால் 250, அதற்கப்புறம் இன்னும் ஆறு மாதம் தொடாமல் இருந்தால் 400 என்று பிரித்துக் கொடுத்தார்கள். பணம் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் விட்டவர்கள் 14.7 சதவீதம்; பணமில்லாத குழுவில் 5 சதவீதம். பணமெல்லாம் கொடுத்து முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 9.4-க்கு 3.6. லாபம் தேய்ந்தது, ஆனால் தீர்ந்துபோகவில்லை.

பரிசு எதன்மேல் தொங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்க நகரப் பள்ளிகளில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து நடத்திய சோதனைகள் 2011-ல் வெளியாயின. டாலஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் படித்துச் சின்னத் தேர்வில் தேறினால் 2 டாலர். வாசிப்புப் புரிதல் உயர்ந்தது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம், ஒன்றும் நகரவில்லை. மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவீர்கள் என்று நியூயார்க் பிள்ளைகளைக் கேட்டபோது, கேள்வியை நிதானமாகப் படிப்போம் என்கிற மாதிரித் தேர்வுக்கூட உத்திகளைச் சொன்னார்கள். பணம் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருந்தது. எந்தப் படியில் கால் வைத்தால் அங்கே போகலாம் என்பதுதான் தெரியவில்லை. புத்தகம் படிப்பது ஒரு பிள்ளையின் கையில் இருக்கிறது. 90 மதிப்பெண் அதன் கையில் இல்லை. பத்தாம் வகுப்பு முடிவுக்கு முன் "490 வாங்கினால் போன் வாங்கித்தருகிறேன்" என்கிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு வந்தால், மதுரைக்கு வந்தாக வேண்டும். டான் ஏரியலி, ஊரி க்னீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நீனா மசார் நால்வரும் பெரிய போனஸ் என்ன செய்யும் என்று பார்க்க விரும்பினார்கள். அமெரிக்காவில் ஒருவருக்குத் தலைசுற்றும் தொகை கொடுத்துச் சோதிக்க ஆய்வு நிதி போதாது. மதுரைப் பக்கத்துக் கிராமப்புறத்தில் 87 பேரை வைத்துச் செய்தார்கள். ஆறு விளையாட்டுகள்: கால்வட்ட (வட்டத்தில் கால் பங்கு) வடிவ உலோகத் துண்டுகள் ஒன்பதை ஒரு சட்டத்துக்குள் அடைப்பது, விளக்கு எரியும் வரிசையை நினைவில் வைத்து அழுத்துவது, எண்களைச் சொல்லிக்கொண்டே போய்த் திடீரென நிறுத்தினால் கடைசி மூன்றைச் சொல்வது, குழிகளில் விழாமல் கோலியை உருட்டுவது, பந்தை இலக்கில் ஒட்ட எறிவது, இரண்டு கம்பிகளுக்கு நடுவே உருண்டையை ஓட்டித் தொலைவான குழியில் விழவைப்பது.

ஒரு விளையாட்டில் மிக நன்றாகச் செய்தால் ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொன்றுக்கு 40, மூன்றாவதுக்கு 400. சுமாராகச் செய்தால் பாதி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆறிலும் ஜெயித்தால் 2,400 ரூபாய். அந்தக் காலத்தில் இந்தியக் கிராமத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 500-க்குச் சற்றுக் குறைவு. ஐந்து மாதச் சாப்பாடு ஒரு மரச்சட்டத்துக்குள் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுத் துண்டு லகுவாக உட்கார்ந்துவிடும். ஒன்பதாவது உட்கார வேண்டுமானால் எட்டையும் கலைத்து வேறு திசையில் அடுக்க வேண்டும், நேரமோ ஓடுகிறது. 4 ரூபாய்க்காரருக்கும் 40 ரூபாய்க்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாரையும்விட மோசமாகச் செய்தவர்கள் 400 ரூபாய்க்காரர்கள்.

கை நடுங்கியது என்று இதைச் சுருக்கிவிடலாம், ஆனால் உள்ளே நடப்பதைப் பிரித்துப் பார்த்தால் பயன் அதிகம். தொகை பெரிதாகும்போது கவனம் செய்கையை விட்டு விளைவுக்குத் தாவுகிறது. கை தானாகச் செய்துகொண்டிருந்ததை மனம் உள்ளே புகுந்து மேற்பார்வை பார்க்கிறது. கலைத்து அடுக்கினால்தான் வழி பிறக்கும் என்ற இடத்தில் கலைக்க பயம் வந்து, இருப்பதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இதே குழு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களிடம் செய்த சோதனை இதை உறுதிப்படுத்தியது. இரண்டு விசைகளை மாறிமாறி அழுத்துகிற வெறும் உழைப்பில், 30 டாலரைவிட 300 டாலர் கொடுத்தபோது அதிகம் அழுத்தினார்கள். கூட்டினால் 10 வருகிற இரண்டு எண்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையில் 300 டாலர் அவர்களைத் தடுமாற வைத்தது.

மிகச் சிறிய தொகைக்கும் ஆபத்து உண்டு. க்னீஸியும் ஆல்டோ ரஸ்டிசினியும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 180 பேர் ஜோடி ஜோடியாக வீடுவீடாகப் போய் நன்கொடை திரட்டினார்கள். சும்மா போனவர்கள் ஜோடிக்குச் சராசரி 239 ஷெக்கல் திரட்டினார்கள். திரட்டியதில் 1 சதவீதம் கமிஷன் உண்டு என்று சொல்லி அனுப்பியவர்கள் 154. 10 சதவீதம் என்றவர்கள் 219. பத்து சதவீதம் கொடுத்தும் சும்மா போனவர்களை எட்டவில்லை! தொண்டாக இருந்தது கமிஷன் வேலை ஆனதும், "இந்தக் காசுக்கு இவ்வளவு போதும்" என்ற கணக்கு வந்துவிட்டது.

ரத்ததானத்திலும் இதே நூல் ஓடுகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2008-ல் வெளியான சோதனையில், ரத்தம் கொடுக்கத் தகுதிச் சோதனைக்கு வரச் சம்மதித்த பெண்கள் 52 சதவீதம். 50 குரோனர் தருகிறோம் என்றதும் 30 ஆகச் சரிந்தது. அந்தப் பணத்தைத் தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் 53-க்குத் திரும்பியது. ஆண்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. இந்தியாவில் காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பை அடுத்து 1998 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டதன் காரணம் வேறு, நோய்த்தொற்று அபாயம். ஆனாலும் முகாமில் கொடுக்கிற ஜூஸும் பிஸ்கட்டும் சான்றிதழும் ஏன் யாரையும் சங்கடப்படுத்துவதில்லை என்பதற்கு ஸ்வீடன் எண்கள் ஒரு பதில் தருகின்றன. அவற்றை யாரும் கூலி என்று எடுத்துக்கொள்வதில்லை.

டெசியும் ரயனும் 1985-ல் புத்தகமாக எழுதி நிறுவிய கோட்பாட்டின்படி மனிதருக்கு மூன்று உளத்தேவைகள் உண்டு: தன் விருப்பில் செய்கிறோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நமக்கு ஆள் இருக்கிறது என்ற உணர்வு. முதலாவதைக் கேட்டதும் நம்மவர்கள் பலர் "இது வெள்ளைக்காரத் தனிமனிதவாதம்" என்பார்கள். அந்தச் சந்தேகத்தை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். ஷீனா ஐயங்காரும் லெப்பரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், சான் பிரான்சிஸ்கோவில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார், சிலரிடம் "இதை உன் அம்மா தேர்ந்தெடுத்தார்" என்று சொன்னார்கள். ஐரோப்பிய வழி அமெரிக்கப் பிள்ளைகள் தாங்கள் தேர்ந்தெடுத்ததில்தான் சிறந்தார்கள். ஆசிய வழி அமெரிக்கப் பிள்ளைகள் அம்மா தேர்ந்தெடுத்ததில் எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்தார்கள், விளையாட்டு நேரத்திலும் அதையே அதிகம் தொட்டார்கள். யாரோ ஒரு அந்நியர் தேர்ந்தெடுத்தது இரு சாராருக்குமே ருசிக்கவில்லை. ஆக, சுயவிருப்பம் என்பது தனியாக முடிவெடுப்பது அல்ல. அம்மாவின் விருப்பத்தைத் தன் விருப்பமாக ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு அதில் கடிவாளம் இல்லை.

ஏற்றுக்கொள்வதற்கும் அடங்கிப்போவதற்கும் நடுவில் ஒரு சிக்கலான நிலை உண்டு. வெளியிலிருந்து யாரும் மிரட்டவில்லை, ஆனால் மிரட்டுகிறவரை உள்ளே குடிவைத்தாகிவிட்டது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்", "படிக்காவிட்டால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது." இந்த ஊக்கம் வேலையை நடத்திவிடும், மதிப்பெண்ணும் வரும். கூடவே பதற்றமும் வரும், தோற்றால் தாங்க முடியாமலும் போகும். வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பிள்ளையும் விரும்பிப் படிக்கிற பிள்ளையும் ஒன்றுபோலத் தெரிவார்கள். லீவு நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

மனநலத்தோடு இதற்குள்ள தொடர்பைக் காட்டுகிற ஒரு ஆய்வைச் சொல்லிவிட்டு நடைமுறைக்குப் போகலாம். அமெரிக்காவில் பட்டம் பெற்ற 147 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்டார்கள். வளர்ச்சி, நெருக்கமான உறவு, சமூகத்துக்குப் பயன் போன்ற இலக்குகளை நோக்கி நகர்ந்தவர்களின் நலவாழ்வு உயர்ந்தது. பணம், புகழ், தோற்றம் ஆகிய இலக்குகளை எட்டியவர்களின் நலவாழ்வு உயரவில்லை. பதற்றம், உடல் உபாதை போன்றவை மட்டும் கூடின. இதை வைத்து வறுமைக்குத் தத்துவம் பேசக்கூடாது. இவர்கள் பட்டதாரிகள், அடுத்த வேளைச் சோற்றுக்குத் திண்டாடியவர்கள் அல்ல.

வீட்டில் பிள்ளையைப் படிக்க வைக்க, ஸ்டிக்கர் அட்டையோ காசோ தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் சும்மா எண்ணிப் பாருங்கள். தினம் ஒரே நேரத்தில் 20 நிமிடம், எட்டும் இடத்தில் புத்தகமும் வேறு இரண்டு சாமானும், டிவியும் போனும் அணைந்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். எத்தனை நிமிடம் புத்தகத்தில் கை போனது என்று மட்டும் குறியுங்கள். ஐந்து நிமிடமாவது தானாகப் போகிறது என்றால் பேரம் பேசாதீர்கள், இருப்பதையும் கெடுத்துக்கொள்வீர்கள். புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், எப்போதாவது சொல்லாமல் இன்னொரு புத்தகம் வாங்கி வாருங்கள்.

கை போகவே இல்லை, அல்லது விஷயம் வாய்ப்பாடு, கையெழுத்துப் பயிற்சி மாதிரி யாருக்கும் சுவைக்காத ஒன்று என்றால் பரிசு வைக்கலாம். மதிப்பெண்ணில் வைக்காதீர்கள், செய்கையில் வையுங்கள்: "பத்துக்குப் பத்து" வேண்டாம், "பத்து வரி எழுதினால்" போதும். சின்னதாக, அன்றைக்கே கொடுங்கள். என்ன செய்ததற்கு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "கெட்டிக்காரி" என்பதைவிட "ஏழாம் வாய்ப்பாட்டில் நேற்று தடுமாறிய இடத்தை இன்று தாண்டினாய்" என்பதில் தகவல் இருக்கிறது. தினமும் கொடுத்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு எப்போதாவது என்று தேயவிட்டு நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு மறுபடி ஒரு வாரம் அதே 20 நிமிடத்தை எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற படி இது. பரிசு நடந்துகொண்டிருக்கும்போது வரும் எண், பரிசின் விலையைத்தான் காட்டும்.

எங்கே தவறும் என்றால், எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் பிள்ளை மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கும். பரிசு தொங்கும்போது லகுவான வேலையைத் தேர்ந்தெடுப்பது பல சோதனைகளில் கண்டது. வகுப்பறைச் சுவரில் நட்சத்திர அட்டை மாட்டினால் மேலே இருக்கிற நாலு பேருக்கு அது தகவல், கீழே இருக்கிற இருபது பேருக்குத் தினசரி அவமானம். அலுவலகத்திலும் கதை இதுதான். 183 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியான கணக்கில், எவ்வளவு செய்தார்கள் என்பதைப் புற ஊக்கம் நன்றாகக் கணித்தது, எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதை உள் ஆர்வம் நன்றாகக் கணித்தது. பீஸ் ரேட்டில் தைக்கிற இடத்தில் தனியாகச் செக்கிங் ஆள் வைக்க வேண்டியிருப்பது அதனால்தான். எண்ணக்கூடிய வேலைக்குத் துண்டுக்கூலி சரி. தவறு எங்கே என்று மூக்கு நுழைத்துத் தேட வேண்டிய வேலைக்கு நியாயமான மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பேரம் இல்லாமல் விடுவது மேல்.

அபராதமும் பரிசின் உடன்பிறப்புதான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அதில்தான் தெளிவாகப் பார்த்தார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்கள். பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வருவது பிரச்சினை. முதல் நான்கு வாரம் வெறுமனே எண்ணினார்கள். ஐந்தாம் வாரம் ஆறு காப்பகங்களில் அறிவிப்பு: 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் பிள்ளைக்கு 10 ஷெக்கல், மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மாதக் கட்டணம் 1,400 ஷெக்கல். தாமதம் குறையவில்லை. சில வாரங்களில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதுவரை தாமதமாக வந்தவர் காத்திருக்கும் டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, அந்தச் சங்கடத்துக்கு இப்போது பத்து ஷெக்கல் என்று விலைச்சீட்டு ஒட்டியாயிற்று. 17-வது வாரம் அபராதத்தை எடுத்துவிட்டு, 20-வது வாரம் வரை எண்ணினார்கள். பத்து ஷெக்கல் போய்விட்டது, பழைய சங்கடம் திரும்பவில்லை. தாமதம் அந்த இரண்டு மடங்கிலேயே நின்றது. அபராதமே விதிக்காத மற்ற நான்கு காப்பகங்களில் இருபது வாரமும் பழைய அளவே இருந்தது.